தவறென்று தெரிந்தும் செய்தவள்: பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வும் குற்றப் பொறுப்பும்

ஹூஸ்டன் நகரில் 2001 ஜூன் 20 அன்று காலை, கணவர் வேலைக்குப் புறப்பட்ட பிறகு, ஆண்ட்ரியா யேட்ஸ் தம் ஐந்து குழந்தைகளையும் குளியல் தொட்டி நீரில் மூழ்கடித்துக் கொன்றார். மூத்தவனுக்கு 7 வயது, கடைக்குட்டிக்கு 6 மாதம். பிறகு அவரே காவல்துறையைத் தொலைபேசியில் அழைத்தார். கணவரையும் அழைத்து வீட்டுக்கு வரச் சொன்னார். ஓடவில்லை, ஒளியவில்லை, மறுக்கவில்லை. விசாரணையில் அந்த அழைப்பே அவருக்கு எதிரான வலுவான சான்றாயிற்று. செய்தது தவறென்று தெரியாதவர் காவல்துறையை ஏன் கூப்பிட வேண்டும் என்று அரசுத் தரப்பு கேட்டது.

கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தக் கேள்வி, நோயின் இயல்பை அறியாமல் கேட்கப்பட்டது என்பது என் வாதம். இந்தியச் சட்டத்துக்குள்ளேயே இதற்குச் சரியான வழியைக் காட்டிய பழைய தீர்ப்பு ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டு இங்கிலாந்தின் சிசுக்கொலைச் சட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் நோய். மருத்துவர்கள் போஸ்ட்பார்ட்டம் சைக்கோசிஸ் என்று சொல்லும் இந்த மனப்பிறழ்வு, ஆயிரம் பிரசவங்களுக்கு ஒன்று அல்லது இரண்டில் வருகிறது. பேறு முடிந்த சில நாள்களில் பல தாய்மாருக்கு வந்து போகும் அழுகையும் சோர்வும் வேறு. மாதக்கணக்கில் நீளும் மனச்சோர்வு நோய் வேறு. இது பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், திடீரென்று தொடங்கும். முதல் அறிகுறி அநேகமாகத் தூக்கமின்மைதான். குழந்தை அயர்ந்து தூங்கும்போதும் தாய் கண்மூட மாட்டாள். தூக்கம் வேண்டும் என்ற எண்ணமே அவளுக்கு எழாது. அடுத்து அச்சம், பரபரப்பு, குழப்பம். பாலில் விஷம் இருக்கிறது, இது என் குழந்தை இல்லை, குழந்தையை ஏதோ பெரிய தீங்கு துரத்துகிறது என்பது போன்ற நம்பிக்கைகள் வந்து சேரும். இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கும், முந்தைய பிரசவத்தில் இந்நோய் கண்டவர்களுக்கும் ஆபத்து பல மடங்கு அதிகம். பிரெஞ்சு மருத்துவர் லூயி விக்தோர் மார்சே 1858இலேயே, கருவுற்ற பெண்களுக்கும் பிரசவித்த பெண்களுக்கும் வரும் மனநோய் குறித்துத் தனி நூலே எழுதிவிட்டார். உரிய மருந்தும், தேவைப்பட்டால் மின்னதிர்வுச் சிகிச்சையும் கொடுத்தால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். இந்நோய் கண்ட தாய்மாரில் மிகப் பெரும்பாலோர் தம் குழந்தைக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை என்பதையும் இங்கேயே அழுத்திச் சொல்லிவிட வேண்டும்.

சட்டம் பேசுவோர் கவனிக்கத் தவறும் இயல்பு ஒன்று இந்நோய்க்கு உண்டு: அது ஏறும், இறங்கும். காலையில் மாமியாரிடம் தெளிவாகப் பேசிக் குழந்தையைக் குளிப்பாட்டிய பெண், மாலையில் சுவரைப் பார்த்து யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். நம் வீடுகளில் இதைப் பிரசவ ஜன்னி என்பார்கள், காத்து கருப்பு அண்டிவிட்டது என்பார்கள். பச்சை உடம்புக்காரி என்று அவளுக்குப் பத்தியம் பார்ப்பார்கள், காதில் பஞ்சு வைப்பார்கள், காயம் கிளறிக் கொடுப்பார்கள். உடம்பின் மேல் இத்தனை கரிசனம் உள்ள வீட்டில்கூட, நேற்றிரவு தூங்கினாயா என்று அவளைக் கேட்பவர் அரிது.

யேட்ஸின் நோய் மறைந்திருந்த நோயன்று. நான்காவது குழந்தை பிறந்த பின் 1999இல் இருமுறை உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். மனப்பிறழ்வுக்கான மருந்து கொடுத்ததும் தேறினார். இன்னொரு குழந்தை பெற்றால் நோய் திரும்பும் என்று மனநல மருத்துவர் எச்சரித்தார். 2000 இறுதியில் ஐந்தாவது குழந்தை பிறந்தது. 2001 மார்ச்சில் தந்தை இறந்தார், நோய் முற்றியது, இருமுறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஜூன் தொடக்கத்தில் மனப்பிறழ்வுக்கான மருந்து நிறுத்தப்பட்டது.

அவருடைய மனத்தில் அப்போது உருவாகியிருந்த தர்க்கம் இது. தன்னுள் சாத்தான் இருக்கிறான். தான் கெட்ட தாய். தன் வளர்ப்பில் குழந்தைகள் நெறி தவறி நரகத்துக்குப் போவார்கள். அறியாப் பருவத்திலேயே இறந்தால் சொர்க்கம் உறுதி. தன்னை அரசு தூக்கிலிட்டால் சாத்தானும் தன்னோடு அழிவான். இந்தக் கணக்கில் காவல்துறைக்குச் செய்த அழைப்பு எங்கே பொருந்துகிறது என்று பாருங்கள். அது குற்ற உணர்விலிருந்து வந்த ஒப்புதல் அன்று. திட்டத்தின் கடைசிப் படி. அரசு தன்னைக் கொல்ல வேண்டும் என்பதற்காகவே அவர் அரசை அழைத்தார். சட்டம் இதைத் தடை செய்கிறது என்ற அறிவு அவரிடம் முழுமையாக இருந்தது. அந்த அறிவையும் நோய் தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டது.

டெக்சாஸ் சட்டத்தின்படி, கடுமையான மனநோயால் தம் செயல் தவறென்று அறியாதவரே பொறுப்பிலிருந்து விடுபடுவார். அரசுத் தரப்பு மனநல மருத்துவர் பார்க் டயட்ஸ், கொல்லும் எண்ணம் சாத்தானிடமிருந்து வந்ததாக யேட்ஸ் நம்பியதே அது தீயதென்று அவர் அறிந்திருந்ததைக் காட்டுகிறது என்றார். 2002 மார்ச்சில் ஜூரி நான்கு மணி நேரத்துக்குள் குற்றவாளி என்று முடிவு சொன்னது. ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு டயட்ஸின் சாட்சியத்தில் பெரும் பிழை வெளிப்பட்டது. இதே போன்று குழந்தைகளைக் கொன்ற தாய் பைத்தியம் என்று விடுதலையாகும் கதை ஒரு தொலைக்காட்சித் தொடரில் சற்று முன்புதான் வந்தது என்று அவர் சொல்லியிருந்தார்; அப்படி ஒரு பகுதி ஒளிபரப்பாகவே இல்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் தண்டனையை நீக்கியது. 2006 ஜூலையில் மறுவிசாரணை ஜூரி, மனநோய் காரணமாகக் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பளித்து அவரை மனநல மருத்துவமனைக்கு அனுப்பியது.

சட்டம் மாறவில்லை, நிகழ்ச்சியும் மாறவில்லை, தீர்ப்பு நேர் எதிராக மாறியது. தவறென்று அறிதல் என்பது சட்டம் தடுப்பதை அறிவதா, அல்லது அச்சூழலில் தான் செய்வது கொடுமை என்று உணர்வதா என்பதைச் சட்டம் தெளிவாக்காதவரை, இதே போன்ற ஒவ்வொரு தாயின் கதியும் எந்த ஜூரி வாய்க்கிறது என்பதைப் பொறுத்தே அமையும்.

நம் சட்டம் இதே ஊற்றிலிருந்து வந்தது. 1843இல் பிரிட்டிஷ் பிரதமர் பீலின் செயலரைச் சுட்டுக்கொன்ற மெக்நாட்டன் வழக்கை ஒட்டி இங்கிலாந்து நீதிபதிகள் வகுத்த விதி, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவாயிற்று. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 22ஆம் பிரிவு. சித்தசுவாதீனமின்மையால், செயலின் தன்மையையோ, தான் செய்வது தவறு அல்லது சட்டத்துக்கு முரண் என்பதையோ அறிய இயலாதவர் செய்தது குற்றமாகாது என்கிறது அது. டெக்சாஸ் பிரித்துச் சொல்லாமல் விட்ட இரண்டையும், தவறையும் சட்டமுரணையும், நம் சட்டம் தனித்தனியாகவே சொல்கிறது.

இந்த வேறுபாட்டைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 1949இலேயே பற்றிக்கொண்டது. அஷிருதீன் அகமது வழக்கில், சொர்க்கத்திலிருந்து வந்த கட்டளை என்று ஒரு கனவை நம்பிய தந்தை, தன் ஐந்து வயது மகனைப் பள்ளிவாசலுக்கு அழைத்துச் சென்று பலியிட்டார். தான் செய்வது என்ன என்பது அவருக்குத் தெரியும். சட்டத்துக்கு முரண் என்பதும் தெரிந்திருக்கலாம். ஆனால் தவறு என்று அறியும் நிலையில் அவர் இல்லை என்று சொல்லி நீதிமன்றம் விடுவித்தது. பத்தாண்டு கழித்து, 1959இல், லட்சுமி வழக்கில் அலகாபாத் உயர் நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. சட்டம் காப்பது அறியும் ஆற்றலை இழந்தவனையே, ஆற்றல் இருந்தும் பிழையான நம்பிக்கை கொண்டவனை அல்ல என்பது அதன் நிலை. பின்னர் வந்த தீர்ப்புகளில், மருத்துவர் சொல்லும் மனநோய் வேறு, சட்டம் ஏற்கும் சித்தசுவாதீனமின்மை வேறு என்பதை உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்ப வலியுறுத்தி வந்திருக்கிறது.

அலகாபாத்தின் கவலை பொருளற்றதன்று. பிழையான நம்பிக்கைகளையெல்லாம் மன்னித்தால், நரபலி கொடுப்பவனும் தப்புவான். ஆனால் ஊரோடு சேர்ந்து ஒருவன் கொள்ளும் மூடநம்பிக்கையும், பிரசவமான பத்தாம் நாள் ஒருத்தியின் மூளையில் நோய் உருவாக்கும் மாறாட்டமும் ஒன்றல்ல. முன்னதை வாதிட்டு மாற்றலாம். பின்னதை மருந்துதான் மாற்றும். அதை எடைபோட்டுப் பார்க்கும் ஆற்றலையே நோய் பறித்துவிட்டது. ஆகவே அலகாபாத் கேட்கும் ஆற்றலிழப்பும் இங்கே இருக்கிறது. கல்கத்தா தீர்ப்பின் வழியே இந்நோய்க்கு ஏற்ற வழி.

ஆனால் சட்டப்பொருள் சரியாக இருந்தாலும் சான்று கிடைக்காவிட்டால் பயனில்லை. மனநிலையை மெய்ப்பிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் மேல்தான். 1964இல் தாகியாபாய் வழக்கில், அதை ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பிக்கத் தேவையில்லை, உரிமையியல் வழக்கின் அளவுக்குக் காட்டினால் போதும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த அளவுக்கேனும் சான்று வேண்டுமே! கைதான தாய் காவல் நிலையத்தில் தெளிவான இடைவேளையில் இருக்கலாம். கேட்டதற்குக் கோவையாகப் பதில் சொல்வாள். மனநல மருத்துவர் அவளைப் பார்க்கப் பல மாதம் ஆகிவிட்டால், நோய் தணிந்திருக்கும். அவர் முன் அமர்ந்திருப்பது துயரத்தில் உடைந்துபோன, ஆனால் நோயற்ற ஒரு பெண். இப்போது மனநோய் அறிகுறி இல்லை என்று எழுதுவார், அது உண்மையும்கூட. சம்பவ நேரத்து மனநிலையைச் சொல்ல வேண்டியவர்கள் கணவனும் மாமியாரும். பல வழக்குகளில் அவர்களே அரசுத் தரப்புச் சாட்சிகள்.

இந்த இடர்ப்பாட்டுக்கு இங்கிலாந்து கண்ட வழி வேறு. 1922இல் புதிதாய்ப் பிறந்த சிசுவைக் கொல்லும் தாய்க்கென்று தனிச் சட்டம் வந்தது. 1938இல் அது 12 மாதத்துக்குட்பட்ட குழந்தை வரை விரிந்தது. பேற்றின் விளைவிலிருந்தோ பால்சுரப்பின் விளைவிலிருந்தோ முழுமையாக மீளாததால் மனச்சமநிலை குலைந்திருந்தால், அது கொலையாகாது. சிறைத் தண்டனை அரிது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு அடிப்படையான மெக்காலே வரைவின் வழிவந்த தண்டனைச் சட்டங்களிலேயே இலங்கையும் சிங்கப்பூரும் மலேசியாவும் இத்தகைய ஏற்பாட்டைச் சேர்த்துக்கொண்டன. இந்தியாவில் இல்லை. எனவே நாமும் சேர்க்க வேண்டும் என்ற குரல் எழுவது இயல்பு.

நான் தயங்குவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, பால்சுரப்பு மனத்தைக் குலைக்கும் என்பது பழைய நம்பிக்கை. அதற்கு மருத்துவ அடிப்படை இல்லை. இறந்த குழந்தையின் வயதை வைத்துத் தாயின் நோயை அளப்பதும் விசித்திரம். இங்கிலாந்துச் சட்டப்படி யேட்ஸின் ஐந்து குழந்தைகளில் கடைக்குட்டியின் இறப்பு மட்டுமே இந்தச் சலுகைக்குள் வரும். அதே காலையில், அதே நோயால் நேர்ந்த மற்ற நான்கும் கொலை.

இரண்டாவது காரணம் நம் மண்ணிலிருந்து வருகிறது; எனக்கு அதுவே முதன்மையானது. 1980களில் உசிலம்பட்டிப் பகுதியிலும், பின்னர் சேலம், தருமபுரி மாவட்டங்களிலும் பெண் சிசுக்கொலை வெளிச்சத்துக்கு வந்தது. 1992இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. அந்தக் கொலைகளில் மனக்குலைவு இல்லை. வரதட்சணைக் கணக்கும் குடும்பத்தின் முடிவும் இருந்தன; பிரசவித்தவளைக் கேட்காமலேயே பல வீடுகளில் முடிவு எடுக்கப்பட்டது. நோய்ச் சான்று பெரிதாகக் கேட்காத ஒரு சலுகைச் சட்டம் இங்கே வந்தால் என்ன ஆகும்? முடிவெடுத்தவர்கள் பின்னால் நிற்பார்கள். பச்சை உடம்புக்காரி முன்னால் தள்ளப்படுவாள்.

தாய் கொல்வதெல்லாம் ஒரே வகைக் கொலை அல்ல என்று 1969இல் அமெரிக்க மனநல மருத்துவர் பிலிப் ரெஸ்னிக் வகைப்படுத்திக் காட்டினார். யேட்ஸ் வழக்கில் யேட்ஸின் தரப்பு நிபுணரும் அவரே. குழந்தையைத் துன்பத்திலிருந்து காப்பதாக எண்ணிச் செய்வது, கடும் மனப்பிறழ்வில் செய்வது, வேண்டாத குழந்தையென்று செய்வது, அடித்துத் துன்புறுத்தும்போது நேர்ந்துவிடுவது, கணவனைப் பழிவாங்கச் செய்வது என ஐந்து. பிள்ளைகளோடு கிணற்றில் மாண்ட நல்லதங்காளை நாம் தெய்வமாக்கி வணங்கியது இரக்கத்தால்; ஆனால் அவளைக் கிணற்றுக்குத் தள்ளியவை பசியும் அவமானமும். அந்த இரக்கத்தை நோயின் இடத்தில் வைத்தால், நோயாளிக்கும் நீதி கிடைக்காது, பசித்தவளுக்கும் கிடைக்காது.

அப்படியானால் வேண்டியது என்ன? 22ஆம் பிரிவின் முழு விடுதலைக்கும் கொலைக்கான தண்டனைக்கும் நடுவே நம்மிடம் படியே இல்லை. கொலைக்குக் குறைந்தபட்சத் தண்டனையே ஆயுள். தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில், பிள்ளைகளுக்கு நஞ்சூட்டித் தானும் சாக முயன்று பிழைத்த ஒரு தாய், இருபது ஆண்டளவில் சிறையில் கழித்த பிறகு 2023இல் உச்ச நீதிமன்றத்தின் ஆணையால்தான் முன்விடுதலை பெற்றார். அது இந்நோய் பற்றிய வழக்கன்று. ஆயினும் நடுப்படி இல்லாததன் விலையைக் காட்டுகிறது. இங்கிலாந்து 1957இல் ஏற்ற குறைந்த பொறுப்பு என்ற கோட்பாட்டை, பாலையோ குழந்தையின் வயதையோ பாராமல், மருத்துவச் சான்றைக் கட்டாயமாக்கி, நம் சட்டத்திலும் சேர்க்கலாம். உண்மை நோயாளிக்கு அது வழி. பெண் சிசுக்கொலைக்கு அது மறைப்பாகாது.

விடுதலைக்குப் பிந்தைய நிலையும் கவலைக்குரியது. மனநிலை காரணமாக விடுவிக்கப்பட்டவரைப் பாதுகாப்பான காவலில் வைக்கவோ உறவினரிடம் ஒப்படைக்கவோ நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. கூட்டிப்போக உறவு முன்வராத பெண்ணின் கதி என்ன? 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறும் தாயை மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையிடமிருந்து இயன்றவரை பிரிக்கக் கூடாது என்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் தாயும் சேயும் ஒன்றாகத் தங்கிச் சிகிச்சை பெறும் பிரிவு இயங்குகிறது. அத்தகைய பிரிவு தமிழ்நாட்டின் ஒவ்வொரு மண்டலத்திலும் இருந்தால், இத்தகைய வழக்குகளில் பல நீதிமன்றத்துக்கே வாரா. வீடு தேடிச் செல்லும் கிராம சுகாதாரச் செவிலியர் இரத்தப்போக்கையும் காய்ச்சலையும் விசாரிக்கையில், தூக்கத்தையும் விசாரிக்க வேண்டும்.

சட்டத் திருத்தம் ஒரு நாளில் வராது. அதற்குக் காத்திருக்கவும் வேண்டாம். கைதானவரை மருத்துவ அலுவலர் பரிசோதிக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. பிரசவமாகி ஓராண்டுக்குள் உள்ள பெண் தன் குழந்தையின் மரணத்தில் கைதானால், 48 மணி நேரத்துக்குள் மனநல மருத்துவர் ஒருவர் அவரைப் பார்த்து, கடந்த இரண்டு வாரத் தூக்கம், பேச்சு, நடத்தை ஆகியவற்றைக் குடும்பத்தாரிடமும் கேட்டு எழுத்தில் பதிய வேண்டும். இதற்குக் காவல்துறைத் தலைமை இயக்குநரின் ஒரு சுற்றறிக்கை போதும். அதை இந்த ஆண்டே வெளியிட வேண்டும்.