க்யூட்: கைமாறிய மென்பொருளும் சர்வர்ப் பொறுப்பும்

க்யூட் என்பது, கணினித் திரையில் தோன்றும் சாளரங்களையும் பொத்தான்களையும் ஒரே மூலநிரலினின்று பலவகைக் கணினிகளுக்கு ஆக்கித் தரும் நிரற்தொகுதியாகும். ஆஸ்லோ நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ட்ரோல்டெக் ஸ்தாபனம், ஹோவார்ட் நூர்ட், ஐரிக் சாம்ப-எங் என்னும் இருவரால் 1994இல் நிறுவப்பெற்று இதனை வளர்த்தது. முதல் பொதுப் பதிப்பு 1995 மே 20 அன்று ஏற்றப்பெற்ற இடம், அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்துச் சன்சைட் சர்வர். பின்னாளில் கோடிக்கணக்கில் விலைபோன இம்மென்பொருள் முதன்முதலில் ஒரு கல்விச்சாலையின் தயவில் குடியிருந்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

1998இல் ட்ரோல்டெக்கும், க்யூட்டைக் கொண்டு கட்டற்ற மேசைத்தளச் சூழலை ஆக்கிவந்த கே.டி.இ. சமூகத்தாரும் சேர்ந்து ஓர் அறக்கட்டளையை ஏற்படுத்தி, குறித்த காலத்துள் கட்டற்ற பதிப்பு வெளிவராவிடின் மூலநிரலைத் தாராள உரிமத்தில் வெளியிடும் அதிகாரத்தை அதனிடம் ஒப்படைத்தனர். இவ்வேற்பாடு நிரலின் உரிமையைக் காத்ததேயன்றி, அதைத் தாங்கும் சர்வர்களை யார் பராமரிப்பது என்பதற்கு விடை தரவில்லை.

அவ்வினா எழுந்தது கைபேசி நிறுவனமான நோக்கியாவின் காலத்தில். 2008இல் ட்ரோல்டெக்கை வாங்கிய அந்நிறுவனம், 2009 மே மாதத்தில் மூலநிரற் களஞ்சியங்களை கிட்டோரியஸ் என்னும் நார்வே நாட்டுத் தளத்தில் பொதுவில் திறந்துவைத்தது. முன்னர்க் கட்டண வாடிக்கையாளருக்கே கிடைத்துவந்த க்யூட் சொல்யூஷன்ஸ் என்னும் துணைக்கூறுகளும் அங்கேயே இடம்பெற்றன. 2011 பிப்ரவரியில் நோக்கியா தன் கைபேசிகளுக்கு மைக்ரோசாப்டின் விண்டோஸ் போன் பக்கம் சாய்ந்தது. மார்ச்சில் க்யூட்டின் வணிக உரிமப் பிரிவு பின்லாந்தின் டிஜியா நிறுவனத்துக்குச் சென்றது. அக்டோபரில், யாரும் பங்குபெறத்தக்க க்யூட் ப்ராஜெக்ட் தொடங்கியது. அதன் சர்வர்களுக்கென லாபநோக்கற்ற தனி அமைப்பு ஒன்று வகுக்கப்பெற்றது: மென்பொருளின் போக்கை நிர்ணயிக்கும் அதிகாரம் சிறிதும் இன்றி, சர்வர்ச் செலவை ஏற்பதொன்றே அதற்கு விதிக்கப்பட்ட கடமை. ஆளும் உரிமையையும் இடங்கொடுக்கும் பொறுப்பையும் இவ்வாறு பிரித்துவைத்தது இவ்வரலாற்றில் மிகத் தெளிவான செயல் எனலாம். நோக்கியா விலகும் கருத்தாலேயே இதைச் செய்தது என்று கருதுவோர் உண்டு. எனினும் திறந்த நிர்வாகம் பற்றிய பேச்சு 2010லேயே தொடங்கிவிட்டதாதலின், அக்கருத்தை முற்றிலும் ஏற்பதற்கில்லை.

2012இல் க்யூட் முழுவதும் டிஜியாவின் வசமாயிற்று. 2014இல் வணிகத்தளமும் சமூகத்தளமும் ஒரே முகவரியின்கீழ் இணைக்கப்பெற்றன; இதனால் சமூகத்தின் தனி நிலை குன்றியதா, இரட்டைப் பராமரிப்பு ஒழிந்ததா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு.

2015இல் கிட்லேப் நிறுவனம் கிட்டோரியஸை வாங்கி மூடிவிட்டது. க்யூட்டின் பிரதான களஞ்சியம் அதற்குள் சொந்தத் தளத்துக்குப் பெயர்ந்திருந்தமையால் தப்பியது. தாமே பெயர்த்தெடுக்காத சிறு திட்டங்கள், ஆர்க்கைவ் டீம் என்னும் தன்னார்வக் குழுவினர் எடுத்துவைத்த, படிக்க மட்டுமே இயலும் பிரதியில் எஞ்சின.

2019இல் துணைக்கூறுகளுக்கும் செருகுநிரல்களுக்குமென டிஜியாவினின்று பிரிந்த க்யூட் கம்பெனி ஒரு சந்தைத் தளத்தைத் திறந்தது. 2021 முதல், பழைய ஐந்தாம் பதிப்புக்கான திருத்தங்களைக் கே.டி.இ. சமூகத்தார் தம் சர்வரிலேயே தொகுத்துவருகின்றனர்.