வளாக வேலைவாய்ப்பு: விழுக்காட்டுக்குப் பின்னால் இருப்பது என்ன?

புது தில்லி: கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் முதல் கேள்விகளுள் ஒன்று, அங்கு எத்தனை பேருக்கு வளாகத் தேர்வில் வேலை கிடைத்தது என்பதாகும். அந்த எண்ணைத் திரட்டி வெளியிடுவது கல்வி நிறுவனத்தின் வேலைவாய்ப்பு மையம். மாணவர், வேலை தரும் நிறுவனம், கொள்கை வகுக்கும் அரசு ஆகிய மூன்று தரப்புகளையும் இணைக்கும் இம்மையங்கள் எவ்வாறு செயல்படுகின்றன, அவை தரும் எண்களை எப்படிப் புரிந்துகொள்வது என்பது குறித்த தொகுப்பு:

தொடக்கம்

இந்தியாவில் வேலைவாய்ப்புச் சேவை அரசுத் துறையாகவே தொடங்கியது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு மறுவாழ்வு அளிப்பதற்காக 1945-இல் தனி இயக்ககம் அமைக்கப்பட்டது. சிவ ராவ் குழு 1954-இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, வேலைவாய்ப்பு அலுவலகங்களின் நிர்வாகம் 1956 நவம்பர் 1 முதல் மாநில அரசுகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர், பல்கலைக்கழகங்களிலும் வேலைவாய்ப்புத் தகவல் மற்றும் வழிகாட்டுதல் மையங்கள் ஏற்படுத்தப்பட்டன. ஐஐடி, ஐஐஎம் போன்ற நிறுவனங்களும் பொறியியல் கல்லூரிகளும் தமக்கென வளாகத் தேர்வு மையங்களை நடத்துகின்றன.

நடைமுறை

பணியின் தன்மை, ஊதியம், தகுதி மதிப்பெண் ஆகியவற்றை நிறுவனம் முதலில் மையத்துக்குத் தெரிவிக்கும். விருப்பமுள்ள மாணவர்கள் பதிவு செய்துகொள்வர். எழுத்துத் தேர்வு, நேர்காணல் ஆகியவற்றுக்குப் பின் பணி வாய்ப்புக் கடிதம் வழங்கப்படும். ஐஐடி-களில் இறுதியாண்டு மாணவர்களுக்கான தேர்வுப் பருவம் டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்குகிறது. கோடைக்காலப் பயிற்சியில் சிறப்பாகச் செயல்பட்டவர்களுக்கு அதற்கு முன்னரே வேலை உறுதியாகிவிடுவதும் உண்டு.

ஒரு மாணவருக்கு ஒரு வேலை என்ற விதியைப் பல கல்வி நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. வேலை கிடைத்தவர் விலகிக்கொண்டால்தான் மற்றவர்களுக்கு வாய்ப்புச் செல்லும் என்பதே இதன் நோக்கம்.

வாக்கு மீறும் நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுப்பதும் மையங்களின் பொறுப்பு. அளித்த வாய்ப்புகளைத் திரும்பப் பெற்றது உள்ளிட்ட காரணங்களுக்காக 31 நிறுவனங்கள் வளாகத் தேர்வில் பங்கேற்க, அனைத்து ஐஐடி-களின் வேலைவாய்ப்புக் குழு 2016-இல் தடை விதித்தது. வாய்ப்புக் கடிதம் பெற்ற மாணவர் வேறு நேர்காணல்களுக்குச் செல்ல முடியாத நிலையில், அந்தக் கடிதம் ரத்தானால் இழப்பு முழுவதும் அவரையே சேரும். தனித்து நின்று கேட்க இயலாத மாணவருக்காக நிறுவனத்திடம் பேசும் வலிமை மையத்துக்கே உண்டு.

அரசின் பங்கு

மையங்கள் திரட்டும் தரவுகள் அரசின் தரவரிசையிலும் இடம்பெறுகின்றன. 2015-இல் அறிவிக்கப்பட்ட தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்பின் (என்ஐஆர்எஃப்) முதல் பட்டியல் 2016-இல் வெளியானது. பொறியியல் பிரிவில், பட்டப்படிப்பு விளைவுகள் என்ற அளவுகோலுக்கு மொத்த மதிப்பீட்டில் 20 விழுக்காடு ஒதுக்கப்பட்டுள்ளது. இதில் வேலைவாய்ப்பும் உயர்கல்வியும் ஒருசேரக் கணக்கிடப்படுகின்றன. இடைநிலை ஊதியத்துக்குத் தனி மதிப்பெண் உண்டு.

நாடாளுமன்றமும் இத்தரவுகளைக் கவனிக்கிறது. 2021-22-ஆம் ஆண்டுடன் ஒப்பிடுகையில் 2023-24-இல், மொத்தமுள்ள 23 ஐஐடி-களில் வாராணசி ஐஐடி நீங்கலாக 22-இலும் வேலைவாய்ப்பு விழுக்காடு குறைந்தது. இதை வழக்கத்துக்கு மாறான சரிவு எனக் கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2025 மார்ச்சில் சுட்டிக்காட்டியது.

வளாகத்துக்கு வெளியே

2021-22-ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி நாட்டில் சுமார் 4.33 கோடி மாணவர்கள் உயர்கல்வி பயில்கின்றனர். 45 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. இவற்றில் பலவற்றில் வேலைவாய்ப்பு மையப் பொறுப்பை, பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரே கூடுதலாகக் கவனிக்கிறார். பெருநகரங்களுக்கு அப்பால் உள்ள கலை, அறிவியல் கல்லூரிகளுக்குப் பெரிய நிறுவனங்கள் நேரில் வருவது அரிது.

இந்த இடைவெளியைக் குறைக்க அரசுத் திட்டங்கள் உள்ளன. மத்திய கல்வி அமைச்சகத்தின் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தில் பட்டதாரிகளும் பட்டயம் பெற்றவர்களும் சேரலாம். சென்னை, மும்பை, கான்பூர், கொல்கத்தா ஆகிய நகரங்களில் உள்ள மண்டல வாரியங்கள் இதை நடத்துகின்றன. குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. தொழிலாளர் அமைச்சகத்தின் தேசிய வேலைவாய்ப்புச் சேவை இணையதளம் 2015 ஜூலையில் தொடங்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் ஒரு கோடி இளைஞர்களுக்கு முன்னணி நிறுவனங்களில் பயிற்சி அளிக்கும் பிரதமரின் பயிற்சித் திட்டம் 2024-25 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. அதன் முன்னோடிக் கட்டத்தில் ஐஐடி, ஐஐஎம் பட்டதாரிகள் சேர்க்கப்படவில்லை. வளாகத் தேர்வு எட்டாத இளைஞர்களுக்கே வாய்ப்பு அளிக்கப்பட்டது.

எண்களை வாசிப்பது எப்படி?

விளம்பரங்களில் காணப்படும் விழுக்காடு எதன் அடிப்படையில் கணக்கிடப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு கல்லூரியின் இறுதியாண்டில் 500 பேர் பயில்கின்றனர் எனக் கொள்வோம். அவர்களில் 300 பேர் மட்டுமே வளாகத் தேர்வுக்குப் பதிவு செய்து, 240 பேர் வேலை பெற்றால், பதிவு செய்தோரின் கணக்கில் அது 80 விழுக்காடு. மொத்த மாணவர் கணக்கில் 48 விழுக்காடு. இரண்டும் பொய்யல்ல. ஆனால் பதிவு செய்யத் தகுதி மதிப்பெண் இல்லாதவர்கள் முதல் கணக்கில் காணாமற்போகின்றனர்.

ஊதியத்திலும் இதே கவனம் தேவை. பத்துப் பேரில் ஒருவருக்கு ஆண்டுக்கு 50 லட்சம் ரூபாயும் ஒன்பது பேருக்குத் தலா 4 லட்சம் ரூபாயும் கிடைத்தால், சராசரி 8.6 லட்சம் ரூபாய். வரிசையின் நடுவில் உள்ளவர் பெறும் இடைநிலை ஊதியமோ 4 லட்சம் ரூபாய்தான். மேலாண்மைக் கல்வியில் இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்க, அகமதாபாத் ஐஐஎம் முன்முயற்சியில் வேலைவாய்ப்பு அறிக்கைகளுக்கான பொதுத் தரநிலைகள் வகுக்கப்பட்டன. அவற்றைப் பின்பற்றும் அறிக்கைகள் வெளித் தணிக்கைக்கும் உட்படுத்தப்படுகின்றன.

என்ஐஆர்எஃப் தரவரிசையில் பங்கேற்கும் கல்வி நிறுவனங்கள், தாம் அளித்த தரவுகளைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். பட்டம் பெற்றவர்கள், வேலை பெற்றவர்கள், உயர்கல்விக்குச் சென்றவர்கள் ஆகியோரின் எண்ணிக்கையும் இடைநிலை ஊதியமும் அதில் ஆண்டுவாரியாக இருக்கும். சேர்க்கைக்கு முன் அந்தப் பட்டியலை விளம்பரத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பது மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் உதவும்.