ஏடு யார் கையில்? ஆவணப் பிரதியை உறுதிப்படுத்தும் அதிகாரம் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

1990 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. சில மாதங்களின் பின், புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு, ராத்தாவின் அடையாள அட்டைக்காக வாப்பா அலையத் தொடங்கினார். ராத்தா சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டும். கையில் இருந்ததோ அவளது பிறப்புச் சான்றிதழின் மங்கிய போட்டோ கொப்பி ஒன்று மட்டும். உம்மாவின் குர்ஆன் உறைக்குள் மடித்துக் கிடந்ததால் அது எங்களோடு வந்திருந்தது.

அதை 'உண்மைப் பிரதி' என்று உறுதிப்படுத்தித் தரும்படி சமாதான நீதவான் ஒருவரிடம் போனோம்.

"ஒரிஜினல் எங்க நானா?"

"யாழ்ப்பாணத்தில, வீட்டு அலுமாரிக்குள்ள."

"அப்ப நான் எதப் பாத்து சைன் வெக்கிறது?"

அவர் கல்நெஞ்சுக்காரர் அல்லர். பிளேன்டி தந்தார், எங்கள் கதை கேட்டுக் கண் கலங்கினார். ஆனால் ஒப்பமிடவில்லை. அவர் செய்தது சரி என்பது எனக்கு விளங்க இருபது வருடங்களுக்கு மேல் பிடித்தது. ஆவணப் பிரதியொன்றை உறுதிப்படுத்தும் அதிகாரம் யாருக்கு உண்டு என்ற கேள்விக்குள் நமது சமூகத்தின் வரலாறும் கொஞ்சம் ஒளிந்திருக்கிறது. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நாம் பேச்சில் 'சேர்ட்டிஃபை பண்ணிய கொப்பி' என்று ஒரே சொல்லால் குறிப்பிடுவது உண்மையில் இரண்டு பொருட்கள். ஒன்று, மூல ஏட்டைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் உத்தியோகத்தர் அந்த ஏட்டிலிருந்தே எடுத்துத் தருவது. மற்றது, ஏட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாத, நம்பிக்கைக்குரிய ஒருவர் மூலத்தையும் பிரதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து 'இரண்டும் ஒன்றே' என்று சாட்சி சொல்வது. முதலாமவரின் அதிகாரம் காவலிலிருந்து வருகிறது. இரண்டாமவரின் அதிகாரம் கண்ணிலிருந்து வருகிறது.

1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 76ஆம் பிரிவு முதலாம் வகையைப் பற்றியது. பொது ஆவணமொன்றைக் காவலில் வைத்திருக்கும் உத்தியோகத்தர், அதைப் பார்வையிட உரிமையுள்ளவர் கட்டணம் செலுத்திக் கேட்டால் பிரதி கொடுக்க வேண்டும். பிரதியின் அடியில் அது உண்மையான பிரதி என்ற குறிப்பு, திகதி, அவரது பெயர், பதவி, ஒப்பம் ஆகியன இருக்க வேண்டும். முத்திரை பாவிக்க அதிகாரமிருந்தால் முத்திரையும் வேண்டும். அத்தகைய பிரதி மூலத்துக்கு ஈடாக நீதிமன்றம் ஏறும். சமாதான நீதவான் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின்படி நீதி அமைச்சரால் நியமிக்கப்படுபவர். அவர் முன் சத்தியம் செய்யலாம், சத்தியக் கடதாசி முடிக்கலாம். ஆனால் எந்த ஏடும் அவர் காவலில் இல்லை. மூலத்தைக் காணாமல் ஒப்பமிட்டால் அது காணாததைக் கண்டதாகச் சொன்ன சாட்சியாகிவிடும்.

இந்த வேறுபாடு நமக்குப் புதிதல்ல. கடனை எழுதி வைக்கும்படியும், நீதியோடு எழுதும் எழுத்தாளனையும் சாட்சிகளையும் வைத்துக்கொள்ளும்படியும் சூரா அல்பகராவின் 282ஆம் வசனம் பணிக்கிறது. எழுதுபவரும் சாட்சியும் அங்கேயே இரு வேறு ஆட்கள். பிற்காலத்துக் காழிமார்களுக்கான ஒழுக்க நூல்கள், புதிதாகப் பதவியேற்கும் காழி முந்தியவரின் 'தீவான்' எனும் ஆவணத் தொகுதியைப் பொறுப்பேற்பதை அவரது முதற் கடமைகளில் ஒன்றாகச் சொல்கின்றன. ஆள் மாறினாலும் ஏடு கை மாறிக் காக்கப்பட வேண்டும். அதே காலத்தில் 'உதூல்' எனப்பட்ட நேர்மை நிரூபிக்கப்பட்ட சாட்சியாளர் வர்க்கமொன்றும் இருந்தது. காவலுக்கு ஒருவர், கண்ணுக்கு வேறொருவர்.

இலங்கைக்கு வருவோம். ஒல்லாந்தர் காலத்தில் பாடசாலைத் தோம்புகளில் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் எழுதியவர்கள் பாடசாலை ஆசிரியர்கள். ஆசிரியன் என்ற முறையில் இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமைதான். ஆனால் ஞானஸ்நானம் பெறாத நம்மவரின் நிக்காஹ் அந்த ஏட்டில் ஏற இடமில்லை. நமது ஏடு பள்ளிவாசலிலும் லெப்பையின் கையிலும் இருந்தது. கடுத்தம், காவின் என்ற சொற்கள் அந்த மரபின் மிச்சங்கள். 1806இல் ஆங்கிலேயர் வெளியிட்ட முகம்மதியச் சட்டக்கோவை நமது விவாக வழக்கத்தை அரச எழுத்தில் ஏற்றியது. 1886ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விவாகப் பதிவுக்கு வழி திறந்தது. 1929இல் இயற்றப்பட்டு 1937இல் நடைமுறைக்கு வந்த சட்டம் காதிகளை நியமித்தது. இப்போதுள்ள 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் 1954இல் அமுலுக்கு வந்தது. இப்படிப் படிப்படியாக ஏடு லெப்பையின் கையிலிருந்து பதிவாளரின் கைக்கு நகர்ந்தது. ஏடு நகர்ந்தபோது பிரதி கொடுக்கும் அதிகாரமும் கூடவே நகர்ந்தது.

ஆனால் அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. பதிவு செய்யவில்லை என்ற ஒரே காரணத்தால் முஸ்லிம் விவாகமொன்று செல்லுபடியற்றதாகிவிடாது. நிக்காஹ் சாட்சிகளால் நிலைபெறுகிறது. ஏடு அதற்கு அத்தாட்சி மட்டுமே.

எங்கள் வீட்டுக் கதையில் இந்த இரண்டும் கைகொடுத்தன. ராத்தாவின் பிறப்புப் பதிவுக்கு இரண்டாம் பிரதி ஒன்று கொழும்பில் பதிவாளர் நாயகத்தின் காவலில் இருந்தது. வாப்பா மூன்று முறை கொழும்புக்குப் போனார். கடைசியில் அடியில் ஒப்பமும் முத்திரையும் உள்ள பிரதி கிடைத்தது. ராத்தா சோதனை எழுதினாள். யுத்தம் அலுமாரியை விழுங்கியது, ஆனால் ஏட்டின் மறுபிரதி வேறோர் ஊரில் இருந்ததால் பிழைத்துக்கொண்டோம்.

வாப்பா மௌத்தான பிறகு வங்கியில் உம்மாவிடம் விவாகச் சான்றிதழ் கேட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பதிவேட்டைத் தேடிப் போக அப்போது பாதை இல்லை. அந்த நிக்காஹ் மஜ்லிஸில் இருந்த இரண்டு பெரியவர்கள் அகதி முகாமில் உயிரோடு இருந்தார்கள். சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி கொடுத்தார்கள். அன்று ஒப்பமிட்டவர், முன்பு வாப்பாவுக்கு மறுத்த அதே மனிதர். இம்முறை அவர் தயங்கவில்லை. அவர் உறுதிப்படுத்தியது நிக்காஹ் நடந்ததை அல்ல, இந்த இருவரும் தன் முன்னால் சத்தியம் செய்ததை. அதை அவர் தன் கண்ணால் கண்டார்.

அந்தப் பெரியவர்கள் இருவரும் இன்று இல்லை. சாட்சிகளுக்கு ஆயுள் உண்டு. ஆகவே ஏடு வேண்டும். ஒரே ஏடு போதாது, இரண்டாம் பிரதி இன்னோர் இடத்தில் வேண்டும். நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் பழைய கடுத்தங்களும் ஜனாஸாக் குறிப்புகளும் இன்னும் தகரப் பெட்டிகளில் கிடக்கின்றன. கறையான் அரித்த அப்படியொரு கொப்பியை நானே கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஓரங்கள் பொடியாக உதிர்ந்தன. அவற்றைப் படம்பிடித்து வைத்தால் அது உறுதிப்படுத்திய பிரதியாகிவிடாது என்பது உண்மைதான். நிர்வாக சபை கூடி, மூலத்தோடு ஒப்பிட்டு, திகதியிட்டு ஒப்பமும் வைத்தால் அதற்கும் ஒரு சாட்சிப் பெறுமதி உண்டு. மூலம் அழிந்த பிறகு எவர் ஒப்பமிட்டும் பயனில்லை. "எதப் பாத்து சைன் வெக்கிறது?" என்று கேட்ட அந்த மனிதரின் கேள்விக்கு நம் பிள்ளைகளிடம் ஒரு பதில் இருக்க வேண்டும்.