முட்டுக்கட்டை

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது கூட்டத்தின் கண்கள் மேலே ஆண்டாள் மீதும், முன்னே நீண்டு கிடக்கும் வடத்தின் மீதும் இருக்கும். தேரின் கதியோ சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடியே நகரும் சில மனிதர்களின் கையில் இருக்கிறது. அவர்கள் வைத்திருப்பது முட்டுக்கட்டை. பேச்சுவழக்கில் ஒருவன் முட்டுக்கட்டை போடுகிறான் என்றால் காரியத்தைக் கெடுக்கிறான் என்று பொருள். தேரடியில் அந்தப் பொருள் செல்லாது. ரத வீதியின் முனையில் சக்கரத்துக்கடியில் சரியான கோணத்தில், சரியான நொடியில் கட்டை விழுந்தால்தான் தேர் திரும்பும். இல்லையென்றால் இழுப்பவர்களின் பலமே அதை எதிர்வீட்டுத் திண்ணைக்குள் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

சென்ற மாதம் ராஜபாளையத்தில் அண்ணன் வீட்டில் நடந்த ஒரு வாக்குவாதம்தான் இந்தக் கட்டையை நினைவுபடுத்தியது. அண்ணன் மகனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. கல்லூரிக்குப் போக 200 சி.சி. பைக் கேட்கிறான். அண்ணி கூடாது என்கிறார். "நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன்" என்று அண்ணன் என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறப்பதற்குள் பையன் முந்திக்கொண்டான்: "சித்தப்பா, எந்த வண்டி வேணா ஓட்டலாம்னு கவர்மெண்டே லைசென்ஸ் குடுத்திருக்கு. நீங்க ஏன் கூடாதுங்கிறீங்க?"

என்னிடம் உடனடியாகப் பதில் இல்லை. அவன் சொன்னது உண்மை. வட்டாரப் போக்குவரத்து அலுவலக மைதானத்தில் ஒரு சிறிய வண்டியில் 'எட்டு' போட்டுக் காட்டியவனுக்குக் கிடைக்கும் 'கியர் உள்ள மோட்டார் சைக்கிள்' என்ற உரிமம், 100 சி.சி. வண்டிக்கும் 1,300 சி.சி. வண்டிக்கும் ஒன்றேதான். இது எப்படி நேர்ந்தது என்று தேடிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

*

சென்ற தலைமுறையின் இளைஞர்களுக்கு இப்படியொரு கேள்வி எழவேயில்லை. அவர்களுக்குக் கட்டை போட்டது சட்டம் அல்ல, வறுமை. மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் எடுத்து, குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்கள் அவர்கள். ராஜபாளையத்தில் ஆலைச் சங்கு ஊதியதும் சாலையை நிறைத்தவை சைக்கிள்கள்தாம். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் தொடங்கிய ராஜபாளையம் மில்லைத் தொடர்ந்து பஞ்சாலை ஊராகவே வளர்ந்த இடத்தில், மோட்டார் சைக்கிள் என்பது எங்கோ ஒரு வீட்டு வாசலில் நிற்கும் புல்லட்.

1980-ல் மதுரையைப் பூர்வீகமாகக் கொண்ட டி.வி.எஸ். குழுமம் ஓசூரிலிருந்து 'டி.வி.எஸ். 50' என்ற இருவர் அமரும் மொபெட்டைக் கொண்டுவந்தது. பால்காரரும் பள்ளி ஆசிரியரும் ஜவுளி வியாபாரியும் அதில் ஏறினார்கள். அடுத்த ஐந்தாண்டுகளில் இந்திய மோட்டார் சைக்கிளின் முகமே மாறியது. 1984-ல் ஓசூரிலிருந்தே இந்த்-சுஸுகி, 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, அதே ஆண்டின் இறுதியில் யமஹா ஆர்.எக்ஸ். 100 என வரிசையாக ஜப்பானியக் கூட்டு வண்டிகள் வந்தன. ஆனால் எல்லாமே 100 சி.சி.யைச் சுற்றித்தான். பெட்ரோல் விலையும் அரசின் தொழில் உரிமக் கொள்கையும் சேர்ந்து அதற்கு மேல் எவரையும் போகவிடவில்லை.

அந்தக் காலத்தின் மனநிலைக்கு நல்ல உதாரணம் ராஜ்தூத் 350. யமஹாவின் புகழ்பெற்ற ஆர்.டி. 350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-ல் இங்கே தயாரிக்கத் தொடங்கியபோது, மூல வண்டியின் 39 குதிரைத்திறன் 30.5 ஆகக் குறைந்தது. பிறகு எரிபொருள் சிக்கனத்துக்காக இன்னும் திறன் குறைக்கப்பட்ட ஒரு வடிவமும் வந்தது. ஓட்டுபவனின் உயிரைப் பற்றிய கவலை இதில் எங்கும் இல்லை. ஏனெனில் திறனைக் குறைத்த அதே கை, விலையைக் கட்டுப்படுத்துவதற்காக முன்சக்கர டிஸ்க் பிரேக்கையும் எடுத்துவிட்டு டிரம் பிரேக்கைப் பொருத்தியது. திறனைக் குறைப்பதும் பாதுகாப்பைக் கூட்டுவதும் ஒன்றல்ல என்பதை நம் நாட்டு அனுபவமே அன்றைக்குச் சொல்லிவிட்டது.

எனினும் அந்த வறுமை, தன்னையறியாமல் ஒரு பயிற்சிப் பள்ளியாகவும் இருந்தது. சைக்கிள், மொபெட், பிறகு ஏழு குதிரைத்திறன் சொச்சமுள்ள ஒரு சி.டி. 100 என்று படிப்படியாக ஏறியவனுக்கு, வேகம் கைக்கு வருவதற்கு முன்பே சாலை கண்ணுக்குப் பழகியிருந்தது. 1999-ல் சி.பி.இசட்., 2001-ல் பல்சர், 2003-ல் கரிஸ்மா, 2012-ல் கே.டி.எம். ட்யூக் 200 என அடுத்தடுத்து வந்த வண்டிகளோடும் வங்கிக் கடனோடும் அந்தப் படிக்கட்டு மறைந்தது. இன்று சைக்கிளிலிருந்து நேரே 25 குதிரைத்திறனுக்குத் தாவ முடியும். பழைய 350 சி.சி. புல்லட்டின் திறன் 18 குதிரை; அதைவிடச் சிறிய இன்ஜின் கொண்ட ட்யூக்கின் திறன் 25. 'சி.சி. கம்மியான வண்டி' என்று பெற்றோர் ஆறுதல் கொள்வதில் எவ்வளவு அர்த்தம் இருக்கிறது என்பதை இந்த இரு எண்கள் சொல்லும்.

*

சட்டம் என்ன செய்தது? 1939-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பதினெட்டு வயதை எல்லையாக வைத்தது. 1988-ம் ஆண்டுச் சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்தது: கியர் இல்லாத மோட்டார் சைக்கிளைப் பதினாறு வயதிலேயே ஓட்டலாம். ஆனால் கியர் இல்லாத 98 சி.சி. கைனெடிக் ஹோண்டா ஸ்கூட்டர் அதற்கு முன்பே, 1984-லேயே, சாலைக்கு வந்துவிட்டிருந்தது. கியர் இல்லாமை திறன் இல்லாமைக்கு அடையாளம் அல்ல என்றாகிவிட்ட நிலையில், 1994-ம் ஆண்டுத் திருத்தம் அந்தச் சொற்களை '50 சி.சி.க்கு மிகாத' என்று மாற்றியது. இளம் ஓட்டுநருக்கு இன்ஜின் அளவில் எல்லை வகுத்தது என்று இந்தியச் சட்டத்தில் சுட்டிக்காட்டக்கூடியது இந்த ஒரு வரிதான்.

அந்த வரியின் கதி என்ன ஆயிற்று என்பதுதான் வேடிக்கை. சட்டம் 50-ல் நிற்க, சந்தை நகர்ந்துவிட்டது. மொபெட் 70 சி.சி.யை நெருங்கியது, 2015-ல் எக்ஸ்.எல். 100 வந்தபோது நூறையே தொட்டுவிட்டது. பதினாறு வயதுக்காரனுக்கு அனுமதி இருக்கிறது, ஆனால் அந்த அனுமதியில் ஓட்டக் கடையில் புதிய பெட்ரோல் வண்டி கிடைப்பதில்லை. கதவு திறந்திருக்கிறது, உள்ளே அறை காலி. எனவே அவன் அப்பாவின் 100 சி.சி. வண்டியை எடுத்துக்கொண்டு டியூஷனுக்குப் போகிறான். 2019-ம் ஆண்டுத் திருத்தம் அதற்குத் தண்டனையைக் கடுமையாக்கியது: பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து, பையனுக்கு இருபத்தைந்து வயதுவரை உரிமம் இல்லை. பதினேழு வயதில் இத்தனை கண்டிப்பு. பதினெட்டு பிறந்த மறுநாள் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. சட்டம் சுவர் எழுப்பியதே தவிர, படிக்கட்டு கட்டவில்லை.

2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே தேசிய நெடுஞ்சாலையில் உயர்திறன் பைக்கில் சாகசம் செய்து விழுந்த யூடியூபரின் வழக்கு பலருக்கு நினைவிருக்கும். அவரது ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுகளுக்கு ரத்துசெய்யப்பட்டது. விழுந்த பிறகு பத்தாண்டு. ஏறுவதற்கு முன் ஒரு நாள் தேர்வு.

*

பிற நாடுகள் இக்கேள்வியை எப்படிக் கையாண்டன என்று பார்ப்பது பயனுள்ளது. அவற்றின் வெற்றிகளைப் போலவே தோல்விகளும் பாடம் சொல்பவை.

பிரிட்டனில் 1961-ல் பழகுநர்களுக்கு 250 சி.சி. எல்லை விதிக்கப்பட்டது. உற்பத்தியாளர்கள் சும்மா இருக்கவில்லை. 250-க்குள்ளேயே எவ்வளவு வேகத்தைத் திணிக்கலாம் என்று போட்டியிட்டார்கள். அப்படிப் பிறந்த ஒன்று 1960-களின் நடுவில் வந்த ராயல் என்ஃபீல்டின் 'கான்டினென்டல் ஜி.டி. 250'. எழுபதுகளின் இறுதியில் ஜப்பானிய 250 வண்டிகள் மணிக்கு நூறு மைல் வேகத்தைத் தொட முயன்றுகொண்டிருந்தன. பழகுநர் அட்டையைத் தொங்கவிட்டபடி அவற்றை ஓட்டலாம். கொள்ளளவை மட்டும் அளந்த சட்டம் திறனிடம் தோற்றது. 1983-ல் எல்லையை 125 சி.சி.யாகக் குறைத்ததோடு 9 கிலோவாட், அதாவது 12 குதிரைத்திறன் என்று திறனுக்கும் வரம்பு எழுதினார்கள்.

ஜப்பானில் 1975 முதல் 400 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிக்குத் தனி உரிமம் வேண்டியிருந்தது. அதைவிடக் கடுமையானது 1982-ல் உயர்நிலைப் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் அமைப்புகள் முன்னெடுத்த 'மூன்று இல்லைகள்' இயக்கம்: உரிமம் எடுக்கவிடாதே, வண்டி வாங்கவிடாதே, ஓட்டவிடாதே. தடை இருந்தது, பயிற்சி இல்லை. சைதாமா மாநிலம் 2019-ல் அதைக் கைவிட்டு மாணவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளிக்கும் வழிக்குத் திரும்பியது.

தமிழர்கள் நன்கறிந்த சிங்கப்பூரில் மூன்று படிகள். முதல் உரிமம் 200 சி.சி. வரை. ஓராண்டுக்குப் பிறகு தேர்வெழுதினால் 400 வரை. இன்னும் ஓராண்டு கழித்து அதற்கு மேல். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் போன்ற மாநிலங்கள் ஒரு படி மேலே போய், 660 சி.சி. என்ற எல்லையோடு ஒரு டன் எடைக்கு 150 கிலோவாட் என்று திறனையும் எடையையும் சேர்த்தே அளக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல் முதற்படிக்கு 11 கிலோவாட், இரண்டாம் படிக்கு 35 கிலோவாட். இரண்டாம் படியில் ஈராண்டு ஓட்டியவருக்கு மேல் தேர்வு, பிறகு எல்லையில்லை.

இங்கேதான் நமக்குரிய செய்தி இருக்கிறது. பிரிட்டிஷ் ராயல் என்ஃபீல்டு 1970-ல் மூடப்பட்டுவிட, 1955-ல் சென்னையில் வேரூன்றிய அதன் கிளையே பெயரைத் தாங்கி நின்றது. 2018-ல் அது வெளியிட்ட 650 சி.சி. வண்டிகளின் திறன் 47 குதிரை. இதைக் கிலோவாட்டுக்கு மாற்றினால் முப்பத்தைந்துக்குள் அடங்கும், ஐரோப்பாவின் இரண்டாம் படிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல. அவற்றுள் ஒன்றின் பெயர் மறுபடியும் கான்டினென்டல் ஜி.டி. மகாராஷ்டிரத்தின் சாக்கனில் பஜாஜ் தயாரித்த கே.டி.எம். 125-ன் திறனும் ஐரோப்பிய முதற்படியின் அதே 11 கிலோவாட்தான். மான்செஸ்டர் பையனும் மிலான் பையனும் படிப்படியாக ஏற வேண்டும் என்ற கணக்குக்குப் பொருந்தும் வண்டிகளைத் தமிழகத்துத் தொழிலாளியும் மராட்டியத் தொழிலாளியும் செய்து கப்பலேற்றுகிறார்கள். அவர்கள் வீட்டுப் பையனுக்கு அந்தக் கணக்கு கிடையாது.

*

எதிர்வாதங்களை ஒதுக்கிவிட முடியாது. மத்திய அரசின் புள்ளிவிவரப்படி 2022-ல் சாலை விபத்துகளில் மாண்ட 1,68,491 பேரில் 74,897 பேர் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் ஐம்பதாயிரம் பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. நம் சாலைகளில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை சிறிய வண்டிகள் என்பதால் சாவுகளும் பெரும்பாலும் அவற்றில்தான் நிகழும். 100 சி.சி. வண்டியும் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் தாராளமாகக் கொல்லும். இன்னொன்றும் உண்டு. 2019-ல் முழுமையாக நடைமுறைக்கு வந்த விதி, 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்குத்தான் ஏ.பி.எஸ். பிரேக்கைக் கட்டாயமாக்கியது, அதற்குக் கீழே இரு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் எளிய பிரேக் போதும் என்றது. சிறிய வண்டிதான் பாதுகாப்பு என்று மகனை அனுப்பும் தந்தை, அறியாமலே குறைந்த பிரேக்கோடு அனுப்பியிருக்கக்கூடும். ராஜ்தூத் 350-ன் கதையேதான்.

ஆக, எல்லை வேண்டுமா என்றால் வேண்டும் என்பதே என் தரப்பு. ஆனால் அது கொள்ளளவில் அல்லாமல் திறனில் இருக்க வேண்டும். நிரந்தரமாக இல்லாமல் தவணையாக, அடுத்த படிக்கு வழியோடு இருக்க வேண்டும். அந்த எல்லைக்குள் நல்ல பிரேக்குள்ள வண்டி கடையில் கிடைக்கவும் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது பிரிட்டனின் 250 போலவோ நம் 50 சி.சி. போலவோ வெறும் எழுத்தாகிவிடும். எல்லை இல்லவே இல்லை என்றாலோ, அந்த வேலை ஒவ்வொரு வீட்டின் கூடத்திலும் அம்மாக்களின் அழுகையாக நடக்கும். எல்லா வீட்டிலும் அது வெல்வதில்லை.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி நாடெங்கும் மருத்துவமனைகளுக்குப் போகிறது. காயத்துக்குக் கட்டும் துணியில் இந்த வட்டாரத்துக்கு நல்ல பெயர் உண்டு. காயம் படாமல் காக்கும் கட்டையைப் பற்றியும் நாம் கொஞ்சம் யோசிக்கலாம்.

அண்ணன் மகனிடம் நான் இவ்வளவையும் சொல்லவில்லை. ஒரு தாளில் மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். பதினைந்து குதிரைத்திறனுக்குள் ஒரு வண்டி. கட்டாயம் ஏ.பி.எஸ். இரண்டு ஆண்டு. அவன் தாளைப் படித்துவிட்டு, "ரெண்டு வருஷம் கழிச்சு?" என்றான்.

"ரெண்டு வருஷம் கழிச்சு நாங்க யாரும் குறுக்கே வரமாட்டோம்" என்றேன். அண்ணி என்னை முறைத்தார். அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். சம்மதம் என்று சொல்லவில்லை. ஆனால் தாளைக் கிழித்துப் போடவும் இல்லை.