சாயத் தொழிலாளியும் பட்டு நூலும்

உலர்ந்த தலைமுடியில் சீப்பை நான்கைந்து முறை இழுத்துவிட்டு, காகிதத் துணுக்குகளின் அருகே கொண்டுசென்றால் அவை துள்ளியெழுந்து ஒட்டிக்கொள்ளும். இதை அறியாத பள்ளிப் பிள்ளை இல்லை. ஆயினும் எங்கள் தோட்டப் பள்ளியில் இச்சோதனை என்னைப் பலமுறை காலை வாரிவிட்டதுண்டு. தேங்காய் எண்ணெய் பளபளக்க வாரிவிடப்பட்ட தலைகள் ஒரு காரணம். மழைக்கால ஈரக்காற்று மற்றொரு காரணம். பொருள்களின்மேல் கண்ணுக்குத் தெரியாமல் படியும் ஈரம், சேர்ந்த மின்சாரத்தை உடனுக்குடன் கடத்திவிடுகிறது.

சோதனை வெற்றி பெறும் நாளில் ஒரு கேள்வி எழும். சீப்பில் சேர்ந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது? தேய்ப்பு அதைப் புதிதாக உண்டாக்கிற்றா, அன்றி வேறோரிடத்தில் இருந்ததை இங்கே கொண்டுவந்ததா?

அம்பர் என்னும் மரப்பிசின் கல்லைத் தேய்த்தால் துரும்பை இழுக்கும் என்பதைப் பண்டைக் கிரேக்கர் அறிந்திருந்தனர். 1600இல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் கில்பர்ட், கண்ணாடி, கந்தகம், அரக்கு முதலியனவும் அவ்வாறே இழுக்கின்றன என்றும், உலோகங்கள் இழுப்பதில்லை என்றும் எழுதினார். உலோகத்திற்கு அந்த ஆற்றலே கிடையாது என்று அறிஞர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணத்தை அசைத்தவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். காண்டர்பரி நகரில் 1666இல் பிறந்த ஸ்டீபன் கிரே என்னும் சாயத் தொழிலாளி. வறுமையுற்று, இலண்டனில் சார்ட்டர்ஹவுஸ் என்னும் அறநிலையத்தின் ஆதரவில் வாழ்ந்த முதியவர் அவர்.

1729இல் அவர் கண்ணாடிக் குழாய் ஒன்றைத் தேய்த்துச் சோதித்துக்கொண்டிருந்தார். உள்ளே தூசு புகாதிருக்க இருமுனையிலும் தக்கை அடைத்திருந்தார். மென்மையான சிறகு ஒன்று குழாயை நோக்கிச் செல்லாமல் தக்கையை நோக்கிச் சென்றது. தக்கையையோ அவர் தேய்க்கவே இல்லை! மற்றொருவராயின் அதைப் பொருட்படுத்தாது விட்டிருப்பர். கிரே தக்கையில் ஒரு குச்சியைச் செருகினார்; குச்சியின் நுனியில் தந்த உருண்டையைப் பொருத்தினார். உருண்டையும் சிறகை இழுத்தது. பிறகு சணல் கயிற்றில் உருண்டையைக் கட்டி மாடியிலிருந்து தொங்கவிட்டார். அப்போதும் இழுத்தது.

கயிற்றைக் கிடைமட்டமாக நீட்ட வேண்டி, உத்தரத்து ஆணியிலிருந்து வேறொரு கயிற்றால் தாங்கவிட்டபோது சோதனை தோற்றது. மின்சாரம் உத்தரத்திற்குப் போய்விட்டது என்று கிரே சரியாகவே ஊகித்தார். அதே ஆண்டு ஜூலை மாதம் கெண்ட் மாவட்டத்து ஓட்டர்டனில் நண்பர் கிரான்வில் வீலரின் மாளிகையில் மறுபடி முயன்றார். பட்டு நூலால் தாங்கலாமே என்றார் வீலர். நூல் மெல்லியது, ஆகவே குறைவாகவே கடத்தும் என்று கிரேயும் இசைந்தார். சோதனை வென்றது. ஆனால் கயிற்றின் நீளம் கூடக் கூட, பாரம் தாங்காமல் பட்டு அறுந்தது. அதற்கு ஈடாக மெல்லிய பித்தளைக் கம்பியைக் கட்டினர். உருண்டை ஒரு துரும்பையும் அசைக்கவில்லை.

மெல்லியதாயிருத்தல் காரணமன்று, பட்டாயிருத்தலே காரணம் என்பது அப்போதுதான் புலப்பட்டது. அவர்கள் கருதிய காரணம் தவறு. கிடைத்த பலனோ பெரிது. மின்சாரத்தைக் கடத்தும் பொருள், கடத்தாப் பொருள் என்னும் பாகுபாடு இவ்வாறு ஓர் அறுந்த நூலிலிருந்து பிறந்தது. உலோகத்தைக் கையில் பிடித்துத் தேய்த்தால் மின்சாரம் தங்காததற்கும் விடை இதிலேயே இருந்தது: அது பிடித்தவர் உடல்வழியே நிலத்திற்கு ஓடிவிடுகிறது. பட்டு நூல்களின் துணையால் 700 அடிக்கும் மேற்பட்ட கயிற்றின்வழி மின்சாரம் சென்றது.

1730 ஏப்ரலில் ஒரு சிறுவனைக் கயிறுகளில் படுக்கைவாட்டில் தொங்கவிட்டு, தேய்த்த குழாயை அவன் பாதங்களின் அருகே தொடாமல் காட்டினார் கிரே. பித்தளை இதழ்த் துணுக்குகள் அவன் முகத்தை நோக்கி எழும்பின. தொடாமலே நேரும் இவ்விளைவை இன்று மின்தூண்டல் என்கிறோம். இலண்டன் இராயல் சங்கம் தன் காப்ளி பரிசின் முதல் உரிமையை 1731இல் அவருக்கே அளித்தது. 1736இல் இறப்பதற்கு முந்தைய நாளிலும் படுக்கையிலிருந்தபடி சங்கச் செயலாளரிடம் தம் சோதனைகளைச் சொல்லி எழுதுவித்தார்.

மின்சாரம் ஓடுகிறது என்பது இவ்வாறு உறுதியாயிற்று. அது எங்கிருந்து வருகிறது? பிரான்சில் டூபே 1733இல், தேய்த்த கண்ணாடியால் விலக்கப்பட்ட பொன்னிதழைத் தேய்த்த குங்கிலியம் இழுப்பதைக் கண்டு, மின்சாரம் இருவகை என்றார். 1747இல் அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்கிளின் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. இருவர் மெழுகின்மேல் நிற்கின்றனர். ஒருவர் குழாயைத் தேய்க்கிறார். மற்றவர் விரல் முட்டியை நீட்டி அதிலிருந்து மின்சாரத்தை வாங்கிக்கொள்கிறார். நிலத்தில் நிற்கும் மூன்றாமவர் இருவரில் எவரைத் தொட்டாலும் பொறி பறக்கும். அவ்விருவரும் ஒருவரையொருவர் தொட்டால் அதனினும் பெரிய பொறி. அதன்பின் இருவரிடமும் ஒன்றுமில்லை. ஒருவர் இழந்ததை மற்றவர் பெற்றிருந்தார், இப்போது கணக்கு நேராகிவிட்டது என்றார் பிராங்கிளின். பெற்றவர் பக்கம் கூட்டல், இழந்தவர் பக்கம் கழித்தல் என்று குறித்தார். கடையில் பேரேடு எழுதுவோர் இதை உடனே புரிந்துகொள்வர்.

குறியில் மட்டும் அவர் ஊகம் பிசகிற்று. 1897இல் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டறிந்தார்; அதன் மின்னூட்டம் கழித்தல் வகை. கண்ணாடியைத் தேய்த்தவர் கையில்தான் எலெக்ட்ரான்கள் சேர்ந்திருந்தன. கூட்டல் என்று குறிக்கப்பட்ட கண்ணாடியோ அவற்றை இழந்திருந்தது. பழக்கத்தில் ஊன்றிவிட்ட குறிகளை ஒருவரும் மாற்றவில்லை. மின்னோட்டத்தின் திசையைப் பாடநூல்கள் எலெக்ட்ரான் ஓடும் திசைக்கு எதிராகவே இன்றும் வரைகின்றன. மாணவர்கள் ஆண்டுதோறும் குழம்புகின்றனர். நம் பிளாஸ்டிக் சீப்போ தலைமுடியிலிருந்து எலெக்ட்ரான்களைப் பறித்துக்கொள்கிறது. சீப்பில் எத்தனை கூடினவோ அத்தனையே முடியில் குறைந்தன. அதனால்தான் வாரி முடித்த பின்னும் உலர்ந்த முடி சீப்பை நோக்கி எழுந்து நிற்கிறது.