கல் வரும்வரை தோண்டியவர்கள்

வலிகாமத்தில் அத்திவாரம் வெட்டும் மேசன்மார், செம்மண்ணை அள்ளி எறிந்துகொண்டே "கல்லைக் கண்டாச்சோ?" என்று ஒருவரை ஒருவர் கேட்பார்கள். எமது மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல் இருக்கிறது. அதைத் தொட்டுவிட்டால் வேலையில் பாதி முடிந்தமாதிரி. ஆதலால் மலைப்பிரசங்கத்தின் முடிவில் இயேசு சொன்ன இரண்டு வீடுகளின் கதையை எமது ஊர்ப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த எந்த ஞாயிறு பாடசாலை ஆசிரியைக்கும் சிரமம் இருந்ததில்லை. ஒரு வீடு கன்மலைமேல், மற்றது மணலின்மேல். ஆனால் அந்தக் கதையில் நாம் இலகுவாகத் தாண்டிப் போகும் ஒன்று உண்டு. இரண்டு வீட்டின்மேலும் பெய்தது ஒரே மழை. கல்லின்மேல் கட்டியவனுக்கும் வெள்ளம் வந்தது, காற்று அடித்தது.

எமது பழைய மாணவியர் சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், இந்தக் கல்லூரியும் இதைப் போன்ற மிஷன் பெண்கள் பாடசாலைகளும் எந்த அத்திவாரத்தின்மேல் எழுந்தன, அதைத் தோண்டியவர்கள் யார், அந்த அத்திவாரம் எமது குடும்பங்களுக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்பவற்றைத் திரும்பிப் பார்ப்பது பொருத்தம் என நினைக்கிறேன்.

மழைக்கு ஒதுங்கிய பிள்ளைகள்

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்தில் பணியைத் தொடங்கினார்கள். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பாழடைந்து கிடந்த பழைய தேவாலயக் கட்டடங்களைத் திருத்தி அவற்றில் குடியேறினார்கள். ஆண்பிள்ளைகளைப் படிக்க அனுப்புவதில் பெற்றோருக்குப் பெரிய தடை இருக்கவில்லை. பெண்பிள்ளைகளின் கதை வேறு. ஏடு வாசிக்கும் பெண் நல்ல குடும்பத்துக்கு அடுத்தவள் அல்ல என்ற எண்ணம் அன்று ஆழமாக இருந்தது. படித்து அவள் என்ன செய்யப்போகிறாள், கச்சேரியில் உத்தியோகமா பார்க்கப்போகிறாள் என்று கேட்டார்கள்.

உடுவில் மிஷன் வளவைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் கதை ஒன்று உண்டு. பலத்த மழையில் ஒதுங்கிய இரண்டு சிறுமிகள் இரவு வீடு திரும்ப முடியாமல் மிஷன் வீட்டிலேயே தங்கிவிட்டார்களாம். பசியில் அழுத பிள்ளை அங்கு கொடுத்த உணவைச் சாப்பிட்டது. மறுநாள் தேடிவந்த தந்தை, "உங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டாள், இனி நீங்களே வைத்துப் படிப்பியுங்கள்" என்று விட்டுச் சென்றாராம். கதையில் எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்பது ஒருபுறமிருக்க, அன்றைய சமூகத்தில் ஒரு வாய்ச் சோறு என்ன விலை பெற்றது என்பதை அது உள்ளபடி காட்டுகிறது.

1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். ஆசியாவில் இவ்வகையில் எழுந்த மிக முந்திய பாடசாலைகளுள் அது ஒன்று. யாழ்ப்பாணத்து மிஷன் பெண்கள் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும், எமது கல்லூரி உட்பட, உடுவிலே மூத்த அக்கா.

ஹரியற் அம்மையாரின் கணவர் மைரன் வின்ஸ்லோவை 1862இல் வெளிவந்த தமிழ் – ஆங்கில அகராதியின் மூலம் உலகம் அறியும். அம்மையாரை அவ்வளவாக அறியாது. அவருடைய தங்கையர் மூவரும் அவரைப் பின்தொடர்ந்து மிஷனரிமாரின் மனைவியராக இந்தக் கடலைத் தாண்டி வந்தார்கள். கல்விக்காக அமெரிக்காவுக்கு அனுப்பிய மகன் சார்ள்ஸ் 1832இல் அங்கே இறந்துபோனான். கப்பலில் வரும் கடிதத்துக்கு மாதக்கணக்காகக் காத்திருந்த காலம் அது. தன் பிள்ளை இறந்து புதைக்கப்பட்ட பின்னரும், அவன் உயிரோடிருப்பதாக எண்ணி ஒரு தாய் இங்கே இருந்து ஜெபித்திருப்பார். அடுத்த ஆண்டு, 1833 ஜனவரியில், அவரும் உடுவிலில் கண்மூடினார். அப்போது பாடசாலைக்கு வயது ஒன்பது. ஸ்போல்டிங் தம்பதியர் அதைப் பொறுப்பேற்றுக் கட்டிக்காத்தனர்.

சீதனமும் பெயரும்

உடுவிலின் நோக்கத்தை மிஷன் ஒளித்துவைக்கவில்லை. வட்டுக்கோட்டை செமினரியில் படித்து வெளிவரும் இளைஞர்களுக்கு வாசிக்கத் தெரிந்த, அதே விசுவாசமுள்ள மனைவியர் வேண்டும். இருவரும் சேர்ந்து அமைக்கும் கிறிஸ்தவ இல்லம் ஒரு கிராமத்துக்கு நூறு பிரசங்கத்துக்குச் சமம் என்று அவர்கள் கருதினார்கள். ஆரம்ப காலத்தில், படிப்பை முடித்துக் கிறிஸ்தவ இளைஞரை மணக்கும் மாணவிக்கு மிஷனே சிறு சீதனம் கொடுத்தது. சீதனம் இல்லாமல் பெண்ணை வைத்திருக்க அஞ்சிய பெற்றோரைச் சம்மதிக்கவைக்க அது ஒரு வழி. பின்னர் அந்த வழக்கம் கைவிடப்பட்டது. காலப்போக்கில் பெற்றோர் தாமே கட்டணம் செலுத்திப் பிள்ளைகளைச் சேர்க்கும் நிலை வந்தது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அமெரிக்காவில் ஒரு பிள்ளையின் செலவைப் பொறுப்பேற்றவர்கள் அப்பிள்ளைக்குப் பெயர் வைக்கலாம். ஆதலால் எமது ஊர்ப் பெண்கள் பலர் நியூ இங்கிலாந்து ஊர்ப் பெயர்களோடு வளர்ந்தார்கள். இன்று இதைப் படிக்கும்போது எனக்கு மனச் சங்கடம் ஏற்படுவதுண்டு. விசுவாசத்தைக் கொடுத்த கை, தாய் தந்தையர் வைத்த பெயரையும் எடுத்துவிட்டது. மதம் மாறியதால் வீட்டாரை இழந்த பெண்களும் இருந்தார்கள். எமது வரலாற்றை அன்போடு எழுதுகிறவர்கள் இவற்றையும் சேர்த்தே எழுத வேண்டும். அத்திவாரம் வெட்டும்போது வேர்களும் வெட்டுப்பட்டன.

ஆயிரம் புதல்வியரின் தாய்

1840இல் எலைசா அக்னியூ அம்மையார் உடுவிலுக்கு வந்தார். எட்டு வயதில், பூமிசாத்திர வகுப்பில் ஆசிரியர் உலகப் படத்தில் கீழைத் தேசங்களைக் காட்டியபோது, தான் மிஷனரியாகப் போவேன் என்று முடிவெடுத்தவர் அவர். ஆனால் உடனே கப்பலேறிவிடவில்லை. பெற்றோருக்கு அவர் தேவைப்பட்டார். அவர்களை இறுதிவரை பராமரித்த பின்னரே, முப்பது வயதைத் தாண்டிய நிலையில் புறப்பட்டார். குடும்பக் கடமையையும் இறை அழைப்பையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தாத அந்தப் பொறுமை என்னை மிகவும் கவர்ந்தது. எமது தலைமுறையில், வயதான பெற்றோரைப் பார்ப்பதா, வெளிநாட்டுக்குப் போவதா என்று தவித்த எத்தனையோ பேருக்கு இது புரியும்.

வந்தபின் அவர் ஒரு தடவைகூடத் தாய்நாட்டுக்கு விடுமுறையில் திரும்பவில்லை. 1855இல் மிஷன் தன் கல்விக் கொள்கையை மாற்றி வட்டுக்கோட்டை செமினரியை மூடியபோதும் உடுவில் தொடர்ந்தது, அவரும் தொடர்ந்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கற்பித்து 1879இல் ஓய்வு பெற்றார். ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகள் அவரிடம் படித்தனர். முதலில் படித்தவர்களின் பிள்ளைகளும், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளும் அவருடைய வகுப்பில் வந்து அமர்ந்தார்கள். மணமாகாத அவரை யாழ்ப்பாணம் "ஆயிரம் புதல்வியரின் தாய்" என்று அழைத்தது.

விடுமுறைக் காலங்களில் அவர் ஊர் ஊராகச் சென்று தம் பழைய மாணவியரை அவர்களுடைய வீடுகளில் சந்தித்தார். பிள்ளைப்பேறு, நோய், மரணம், கணவனின் மனமாற்றம், மாமியாரின் கோபம் எல்லாவற்றுக்கு நடுவிலும் அந்த விசுவாசம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்க அவர் நேரில் போனார். ஒரு சங்கம் அமைவதற்கு நெடுங்காலம் முன்பே, பழைய மாணவியர் சங்கத்தின் வேலையை அந்த ஒரு பெண் கால்நடையாகவும் வண்டியிலும் செய்திருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும். 1883இல் மானிப்பாயில், மேரி, மார்கரெட் லீச் சகோதரிகளின் இல்லத்தில் அவர் காலமானார்.

வீட்டுக்குள் வந்த பழக்கம்

இந்தப் பெண்கள் தம் வீடுகளுக்கு எடுத்துச் சென்றவற்றுள் மிகப் பெரியது, என் எண்ணத்தில், மாலைக் குடும்ப ஜெபம். விளக்கு வைக்கும் நேரத்தில் பாய் விரித்து, பெரியவர் சிறியவர் எல்லோரும் இருந்து, வேதாகமத்தில் ஓர் அதிகாரத்தை ஆளுக்கொரு வசனமாக வாசிப்பது. இதில் பெண்ணும் வாசிப்பாள். தாய் ஜெபிக்க, தந்தை கண்மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். பள்ளிக்கூடம் கற்பித்த எழுத்து, ஒவ்வொரு நாளும் ஒரு தடவையாவது வீட்டில் சத்தமாக ஒலித்தது. எங்கள் அம்மம்மாவின் வீட்டில், சண்டை பிடித்துக்கொண்டு இரவு ஜெபத்துக்கு இருக்க முடியாது. சமாதானமான பிறகுதான் புத்தகம் திறக்கப்படும். அதனாலேயே பல சண்டைகள் சுருக்கமாக முடிந்தன.

குடும்ப வேதாகமத்தின் முன்பக்கத்தில் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், மரணம் எல்லாம் எழுதிவைக்கும் வழக்கமும் இருந்தது. அம்மம்மாவின் வேதாகமத்தில் நான்கு தலைமுறையின் கையெழுத்து இருக்கிறது. பிறந்து சில நாட்களில் இறந்த குழந்தைகளின் பெயர்களும் அதில் உண்டு. வேறு எந்தப் பதிவேட்டிலும் இல்லாத பெயர்கள் அவை. ஒரு வைத்தியராக அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போது, மகப்பேற்றின் ஆபத்தை எமது பாட்டிமார் எவ்வளவு அருகில் வைத்து வாழ்ந்தார்கள் என்பது தெரிகிறது.

அந்த ஆபத்துக்கு மருந்து தேடியதும் இதே விசுவாசந்தான். 1847இல் வந்த டாக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். மேலைத்தேய மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, 1864 முதல் தமிழிலேயே வகுப்பு நடத்தினார். அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கினார். தமிழருக்கு மருத்துவ ஊழியன் என்று தன் கல்லறையில் பொறிக்கப்பட வேண்டும் என்பதே அவருடைய விருப்பமாக இருந்தது. ஆயினும் ஆண் வைத்தியர்முன் வரத் தயங்கிய பெண்களுக்கு வேறு வழி வேண்டியிருந்தது. அக்னியூ அம்மையாரைத் தம் இல்லத்தில் வைத்துப் பார்த்த அதே லீச் சகோதரிகள் வெளிநாடுகளில் நிதி திரட்டினார்கள். 1898இல் இணுவிலில் பெண்களுக்கான மக்லியோட் வைத்தியசாலை எழுந்தது. எமது சங்கத்து அம்மாமார் பலர் அங்கேதான் பிறந்தார்கள்.

வெள்ளம் வந்தபோது

1995 ஒக்டோபர் 30. அந்தத் திகதியை எமது வயதுப் பழைய மாணவியர் எவருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் நாவற்குழிப் பக்கமாக நகர்ந்தது. நான் அப்போது ஆண்டு பத்து. மழையில் நனைந்தபடி, ஓரடி நகர ஒரு மணித்தியாலம் நின்றோம். கன்மலைமேல் கட்டிய வீடும், மணலில் கட்டிய வீடும், சைவ வீடும், வேத வீடும் எல்லாம் அன்று பின்னால் விடப்பட்டன. அம்மா இரண்டு பொருட்களைத்தான் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வந்தார்: எங்கள் பள்ளிக்கூடச் சான்றிதழ்ப் பை ஒன்று, அம்மம்மாவின் வேதாகமம் மற்றது.

தென்மராட்சியில் ஒரு கொட்டிலில் நான்கு குடும்பங்கள் இருந்தோம். அங்கும் மாலையில் பாய் விரிக்கப்பட்டது. பக்கத்துக் குடும்பத்துச் சைவத் தோழியும் அவளுடைய அப்பாச்சியும் எங்களோடு வந்து இருப்பார்கள். முடிந்ததும் அப்பாச்சி தன் பங்குக்கு ஒரு தேவாரம் பாடுவார், நாங்கள் இருந்து கேட்போம். எங்கள் விசுவாசம் அதனால் குறைந்துபோகவில்லை. ஒருவரும் நன்றாக நித்திரை கொள்ளாத அந்த மாதங்களில், நாளுக்கு ஒரு வடிவத்தைக் கொடுத்தது அந்த அரை மணித்தியாலந்தான். அப்போதுதான் அந்த இரண்டு வீட்டுக் கதையின் மழை எனக்கு விளங்கியது. விசுவாசம் எங்களுக்குக் கூரையாக இருக்கவில்லை. நாங்கள் நன்றாகவே நனைந்தோம். ஆனால் காலுக்குக் கீழே ஏதோ ஒன்று அசையாமல் இருந்தது.

இன்று

கிளினிக்கில் நான் சந்திக்கும் முதியோர் பலருக்கு நோயைவிடத் தனிமையே பெரிது. பிள்ளைகள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். வீடு பெரிது, மாபிள் பதித்தது, ஆனால் மாலையில் பாய் விரிக்க ஆளில்லை. இளம் குடும்பங்களில் குடியும் கடனும் பிரிவும் புகுந்திருப்பதையும் காண்கிறேன். கிறிஸ்தவக் குடும்பம் என்பதால் இவற்றுக்கு விலக்கு இல்லை. தேவாலயத்துக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று என் நோயாளரிடம் நான் சொல்வதில்லை. மருந்து வேண்டியவருக்கு மருந்து வேண்டும், பாதுகாப்பு வேண்டிய பெண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டும். பொறுமையாக இரு, ஜெபி என்று சொல்லி ஒரு பெண்ணை அடிவாங்க அனுப்புவது விசுவாசம் ஆகாது.

அதேவேளை, ஒன்றாக இருந்து ஜெபிக்கும் குடும்பங்களில் ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் இருப்பதையும் பார்க்கிறேன். அது சிறிய விடயம் அல்ல. எனக்குத் தெரிந்த ஒரு பழைய மாணவி, கனடாவிலிருக்கும் மகளோடும் பேரப்பிள்ளைகளோடும் ஞாயிறுதோறும் தொலைபேசியில் முகம் பார்த்து ஜெபிக்கிறார். இங்கே இரவு, அங்கே காலை. பேரன் தமிழ் வசனத்தைத் தட்டித் தடுமாறி வாசிப்பான். அம்மம்மா திருத்துவார். அக்னியூ அம்மையார் வண்டியில் போய்ச் செய்ததை அவர் இப்படிச் செய்கிறார்.

எமது கல்லூரியில் கிறிஸ்தவ மாணவியரும் சைவ மாணவியரும் என்றும் ஒன்றாகவே படித்தோம். காலை ஆராதனையில் நின்ற எல்லோரும் கிறிஸ்தவர்களாகவில்லை. ஆகவேண்டும் என்றும் இன்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனாலும் பிழை செய்தால் ஒத்துக்கொள்ள வேண்டும், பலவீனமானவர் பக்கம் நிற்க வேண்டும், பெண் என்பதால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்ற மூன்றையும் அந்த மண்டபத்தில் நாம் எல்லோரும் பெற்றோம். அவற்றின் வேர் எங்கே இருக்கிறது என்பதை எமது பிள்ளைகளுக்குச் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

நூற்றாண்டை முன்னிட்டு என் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய வேதாகமம் ஒன்று இருந்தால், அதன் முன்பக்கத்தைப் படமெடுத்துச் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். சைவக் குடும்பத்தினர் தம் பாட்டிமாரின் பள்ளிக்கூட நினைவுகளை எழுதி அனுப்பலாம். உடுவிலில் பெயர் மாற்றப்பட்ட பெண்களின் உண்மைப் பெயர்கள்கூட அத்தகைய பக்கங்களில் எங்காவது இருக்கக்கூடும். எம்மைத் தாங்கி நிற்கும் பெண்களை அவர்களுடைய பெயர் சொல்லி அழைக்க அது உதவும்.

எமது சங்கத்தை இதுவரை நடத்திவந்த இறைவன் இனியும் நடத்துவாராக.