வில்வண்டியும் என் ஜீப்பும்

கரும்புக் கரணையும் உரமூட்டையும் ஏத்தி ஏத்தி என் பழைய மகேந்திரா ஜீப்புக்குக் கமான் பட்டை படுத்துடுச்சு. உருதுல கமான்னா வில். நம்ம வில்வண்டிக்குப் பேர் வந்ததும் இதே வளைஞ்ச பட்டையாலதான். 1804-ல் இங்கிலாந்தில் ஒபதையா எலியட் குதிரை வண்டிக்கு இப்படி வில் வச்சுக் காப்புரிமை வாங்கினார். குலுக்காத வண்டி அந்தஸ்து ஆச்சு. 1893-ல் திருவிதாங்கூரில் அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கி, தன் மக்களுக்கு மறுத்த பொதுச்சாலையில் ஓட்டினார். தடுத்தவங்களோட மோதல் வந்தும் அவர் திரும்பலை. என்ன துணிச்சல்!

1941-ல் வந்த வில்லிஸ் ஜீப்பும் நாலு சக்கரத்துக்கும் பட்டையைத்தான் நம்புச்சு.

"ரெண்டு பட்டை கூடப் போட்டுத் தூக்கிடலாம்ணே"ன்னார் மெக்கானிக். தூக்கினா வண்டி விறைக்கும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் சாய்வு மாறி ஜாயிண்ட் தேயும். பழைய உயரமே போதும்னு நாலு செட்டும் புதுசா மாத்திட்டேன். கழட்டின பட்டையை அருவா அடிக்கக் கொல்லர் கேட்டு வாங்கிட்டுப் போனார்.